சீதன வீடும் மண்கல்லும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கட்டடத் துறையிலே அறிஞர்கள் செய்துவந்துள்ள ஆராய்ச்சி பற்றிச் சில வார்த்தை பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். விஷயத்தின் பெயரைக் கேட்டவுடனேயே பின்வரிசையிலிருந்த தோழர் இருவர் தேநீர் அருந்த எழுந்து போனதை நான் கவனியாமலில்லை. போனவர்கள் போகட்டும். ஒருவருக்குத் தங்கைமார் மூவர், மற்றவருக்கு இருவர் என்பது எனக்குத் தெரியும். இன்றில்லாவிடினும் என்றோ ஒரு நாள் இந்த விஷயம் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தே தீரும்.

ஏனென்றால், எமது கரையிலே வீடு என்பது வேறு ஊர்களிலுள்ள வீட்டைப் போன்றதன்று. நீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், பெண்ணுக்கு வீடு கொடுத்தே கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான்; வீடு பெண்ணின் பெயரிலே எழுதப்படும். பெற்றோர் தாம் கட்டிய வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு வளவின் பின்புறத்திலே ஒரு சிறு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவதையும், அங்கிருந்தபடியே இளையவளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவதையும் நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். பிற நாட்டிலே ஒருவன் தான் குடியிருக்க ஒரு வீடு கட்டுகிறான். இங்கேயோ தான் குடியிராத வீடுகளை வாழ்நாள் முழுதும் கட்டுகிறான். மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு. அத்திவாரம் கட்டாரிலே ஓராண்டு, சுவர் சவூதியிலே ஈராண்டு, கூரை கடன் என்று கணக்குப் போட்டு வீட்டைச் சொல்லும் தகப்பன்மார் எத்தனை பேர்! இந்த வழக்கம் நன்றா தீதா என்பது பற்றி இம்மேடையிலேயே முன்பு காரசாரமாக வாதம் நடந்திருக்கிறது. அதற்குள் நான் புகப்போவதில்லை. வழக்கம் இருக்கிறது, இருக்கிற வரையில் சுவரின் விலை பெண்ணைப் பெற்றவனின் ஆயுளிலிருந்து கழிகிறது. சுவரைப் பற்றி நான் பேச வந்த காரணம் இதுவே.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை, மறு ஆண்டிலே இருமடங்குக்கு மேலாகியது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஆண்டிலே அரைச்சுவரோடு நின்ற வீடுகள் எத்தனை! மழை குடித்துப் பாசி படிந்து நின்ற அச்சுவர்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: சுவர் ஒன்று நிற்பதற்கு உண்மையிலே எவ்வளவு சீமெந்து வேண்டும், எவ்வளவு விறகு வேண்டும்?

இதே கேள்வியை எமக்கு முன்னரே எடுத்து, அரை ஆயுளை அதிலே செலவிட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திலே 1974ஆம் ஆண்டில் அமுல்ய குமார் ரெட்டி என்ற இரசாயனப் பேராசிரியர், விஞ்ஞானத்தைக் கிராமங்களுக்குப் பயன்படுத்துவதற்கென்றே 'அஸ்ட்ரா' என்னும் ஒரு பிரிவைத் தொடக்கினார். தும்கூர் மாவட்டத்து உங்கிரா என்ற கிராமத்திலே அதற்கு ஒரு நிலையமும் இருந்தது. அடுப்பு, சாண எரிவாயு, சுண்ணாம்பு, வீடு என்று பலவற்றிலும் கைவைத்தார்கள். வீட்டுப் பகுதியை ஏற்றுக்கொண்டவர் குடிசார் பொறியியற் பேராசிரியர் கே. எஸ். ஜெகதீஷ். அவரோடு உழைத்துப் பின் அத்துறையை விரித்தவர் பி. வி. வெங்கடராம ரெட்டி.

இவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் மண். பச்சை மண்ணை அப்படியே பிசைந்து வைப்பதன்று. தகுந்த மண்ணைச் சலித்து, அதிலே நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சீமெந்தைக் கலந்து, கைக்குப் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, இரும்பு அச்சிலே போட்டு நெம்புகோலால் அமுக்கி எடுப்பது. அமுக்கிய கல்லைச் சூளையிலே சுடுவதில்லை. வைக்கோலால் மூடி மூன்று கிழமை நீர் தெளித்து வைத்தால் போதும். இப்படிப்பட்ட கையியந்திரம் பெங்களூரிலே பிறந்ததன்று. 1950களிலே கொலம்பியா நாட்டிலே ராமிரெஸ் என்னும் பொறியியலாளர் செய்த அச்சே உலகெங்கும் இதற்கு வழிகாட்டி. ஆனால் எந்த மண்ணுக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு அமுக்கம், நனைந்த பின் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்காக அளந்து, 'இது ஏழையின் கைவேலை' என்ற நிலையிலிருந்து 'இது பொறியியல்' என்ற நிலைக்கு உயர்த்தியவர்களுள் இவர்கள் முன்னிற்பவர்கள்.

2003ஆம் ஆண்டிலே இவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையிலே பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஒரு பொருளைச் செய்து, ஏற்றி, இறக்கி, சுவரிலே வைப்பது வரையில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். சுட்ட செங்கல் ஒன்றைச் சுடுவதற்குக் கால் கிலோ முதல் 300 கிராம் வரையில் விறகு எரிகிறது என்பது அவர்களது கணக்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஒரு சிறு வீட்டுக்கு 10,000 கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தொன்னுக்குக் கிட்டிய விறகு! மூன்று குமருக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். எமது பகுதியிலே வயற்கரைகளில் உள்ள கல்வாடிகளுக்குப் போய்ப் பாருங்கள். சூளைக்குப் பக்கத்திலே குவிந்து கிடக்கும் மரங்களைக் கண்டால் இந்தக் கணக்கு மனத்திலே பதியும். சுவருக்குள்ளே நாம் காண்பது செங்கல். அதற்குள்ளே காணாமல் இருப்பது காடு.

செங்கற் சுவர் ஒரு கன மீற்றருக்கு 2,100 மெகாயூலுக்கு மேற்பட்ட சக்தி செலவாகிறது. நூற்றுக்கு 6 பங்கு சீமெந்து கலந்த மண்கற் சுவருக்கு 650 அளவிலேதான். அதாவது மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. மெகாயூல் என்ன கனம் என்று கேட்காதீர்கள். அது பொருளின் சக்தியை அளக்கும் ஒரு படி என்று மட்டும் கொள்ளுங்கள். ஒரே படியால் இரண்டையும் அளந்தால் வித்தியாசம் விளங்கிவிடும். முழு வீட்டையும் எடுத்து ஒப்பிட்டபோது, வழமையான செங்கல் மாடிவீடு ஒரு சதுர மீற்றருக்கு 2.92 கிகாயூலும், மண்கல்லால் எழுப்பிக் கூரையிலும் சிக்கனம் செய்த மாடிவீடு 1.61 கிகாயூலும் கொண்டன. ஏறக்குறையப் பாதி.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். இன்று நம் தெருக்களிலே அதிகமாக விற்கும் சீமெந்துக் கல்லும் இக்கணக்கின்படி செங்கல்லைப் போல் அவ்வளவு சக்தியை விழுங்குவதில்லை; துளையுள்ள கொங்கிறீற்றுக் கற்சுவர் செங்கற் சுவரின் பாதிக்கும் குறைவாகவே கொள்கிறது. ஆகவே சீமெந்துக் கல்லை நான் தூற்ற வரவில்லை. அதிலுள்ள குறை வேறு; அதற்குப் பின்னர் வருகிறேன். ஆயினும் சீமெந்து என்பது சுண்ணாம்புக் கல்லைப் பெரும் சூளையிலே எரித்துப் பெறுவது. உலகம் முழுவதும் மனிதன் வானத்தில் விடும் கரியமில வாயுவிலே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்தினால் வருகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடல் ஏறுவதைக் கண்ணாற் காணும் கரையிலே வாழும் நமக்கு இது அந்நிய விஷயமன்று.

நிற்க. இம்மேசையின்மேல் இரண்டு போத்தல்கள் இருக்கக் காண்கிறீர்கள். சர்பத்துப் போத்தல் என்று நினைத்துச் சிறுவன் ஒருவன் சற்று முன்னர் எடுக்கப் பார்த்தான். இரண்டிலும் இருப்பது மண்ணும் நீருமே. வலப்பக்கத்தது பாண்டிருப்பிலே எங்கள் வளவில் எடுத்தது. இடப்பக்கத்தது கிட்டங்கிப் பாலத்துக்கு அப்பால் நாவிதன்வெளியிலே ஒரு வயல்வரம்பில் எடுத்தது. நேற்று மாலை இரண்டையும் நன்றாகக் குலுக்கி வைத்தேன். வலப்பக்கத்துப் போத்தலிலே அத்தனையும் மணலாகத் தங்கி, மேலே நீர் தெளிந்திருக்கிறது. மற்றதிலே அடியிலே மெல்லிய மணற்படை, அதன்மேல் வண்டற்படை, அதற்கும் மேல் களி. நீர் இன்னும் கலங்கலாகவே நிற்கிறது. மண்ணின் குணத்தை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை, செலவும் இல்லை.

அறிஞர் சொல்வது என்னவென்றால், மண்கல்லுக்கு நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் மணலும், 10 முதல் 15 பங்கு வரையில் களியும் உள்ள மண் நன்று. களி இல்லாவிடின் அச்சிலிருந்து எடுக்கும்போதே கல் உதிரும். களி மிகுந்தாலோ காயும்போது சுருங்கி வெடிக்கும், நனையும்போது ஊதும். எவ்வளவு சீமெந்து போட்டாலும் அது பிடிக்காது. கரும் களிமண்ணானால் சீமெந்து உதவாது, சுண்ணாம்புதான் வேண்டும். இனி எங்கள் ஊரைப் பாருங்கள். கிழக்கே வெறும் மணல், மேற்கே வெறும் களி. தனித்தனியே இரண்டும் உதவாதவை, கலந்தால் உதவுபவை! இடையிலே இருக்கும் தூரம் சைக்கிளிலே அரைமணி நேரம்.

ஆனால் கடற்கரையை அள்ளிக் கல் அரியச் சொல்கிறேன் என்று ஒருவரும் எண்ணிவிடாதீர்கள். ஒலுவிலிலே துறைமுகம் எழுந்த பின்னர், அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை எவ்வாறு அரிக்கப்பட்டது, தென்னைகள் எவ்வாறு வேரோடு சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அலையோரத்து மணலிலே உப்பும் உண்டு. கம்பியுள்ள இடத்திலே அது கம்பியைத் தின்னும். மணலுக்குப் பதிலாகக் கருங்கல் உடைக்கும் இடங்களிலே மலைபோற் குவிந்து கிடக்கும் கல்தூளைச் சேர்க்கலாம். ஆராய்ச்சியாளர் பலர் அதைச் சோதித்திருக்கிறார்கள்.

மணல் என்றவுடன் ஒரு பழைய நினைவு. நான் படித்தது மிஷன் பாடசாலை. காலைக் கூட்டத்திலே மணல்மேல் வீடு கட்டிய புத்தியில்லாதவனின் கதையைப் பாதிரியார் சொல்லும்போதெல்லாம் எங்களுக்குள்ளே சிரிப்பு வரும். ஏனெனில் எங்கள் வீடு, அவர் வீடு, பாடசாலை, கோயில், பள்ளிவாசல், எல்லாமே மணல்மேல்தான். பொறியியல் படிக்கப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. இறுகிக் கிடக்கும் மணல் அத்திவாரத்துக்குக் கெட்டதன்று; ஊதிச் சுருங்கும் களியைவிட எவ்வளவோ நல்லது. வெள்ளமும் அலையும் வந்து அதை அடியிலிருந்து அரித்துக்கொண்டு போகும்போதுதான் வீடு விழும். கதையிலும் வீட்டை வீழ்த்தியது வெள்ளம்தானே!

நம் முன்னோரும் மண்ணைப் பார்த்தவர்களே. சிற்ப நூல்களிலே ஒரு சோதனை சொல்லப்படும்: முழ ஆழத்துக் குழி தோண்டி, தோண்டிய மண்ணை மீண்டும் அதிலே இடு, மண் மிஞ்சினால் உத்தமம், சரியாய் இருந்தால் மத்திமம், குறைந்தால் அதமம். மண் எவ்வளவு நெருங்கிக் கிடந்தது என்பதை அறிய அது ஒரு நல்ல முறையே. இன்றைக்கு நிலை வைக்கும் நாளையும் நாழிகையையும் ஐயரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்கிற நாம், மண்ணை ஒரு தரமாவது பார்க்கிறோமா? நாள் பார்ப்பதை நான் குறைகூறவில்லை. சாத்திரத்திலே ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோமே என்றுதான் சொல்கிறேன்.

இனிப் பெரியவர்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். எங்கள் அம்மம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார். "மகன், எழுபத்தெட்டுச் சூறாவளியில மண்வீடு ஒண்டாவது நிண்டதை நீ கண்டியா? நீ அப்ப பிறக்கவுமில்ல." நான் பிறக்கவில்லைதான். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு, கூரை பறந்து, சுவர் கரைந்து, கோயிலிலும் பாடசாலையிலும் ஒதுங்கியவர்கள் இச்சபையிலே பலர். அவர்களது அச்சம் நியாயமானது. பச்சை மண்சுவர் மழையிலே கரையும். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அன்று விழுந்தவை மண்வீடுகள் மட்டுமல்ல. காற்று முதலிலே கூரையைத் தூக்குகிறது. கூரை போனதும் மேலே பிடிப்பில்லாத சுவர், செங்கல்லாயினும் சாய்கிறது. அதனாலேதான் 1980ஆம் ஆண்டில் வீடமைப்பு அமைச்சு, பலத்த காற்றுக்கு ஏற்பக் கட்டடம் அமைக்கும் முறைபற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டது. இலங்கையை மூன்று காற்று வலயங்களாக அது பிரித்தது; கிழக்குக் கரைக்கு முதலாம் வலயம், அதாவது மிகக் கடுமையான காற்றுக்குரிய இடம். அதன் உட்பொருள் இதுதான்: கூரை வளையோடும், வளை சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் கட்டப்பட்டிருக்க வேண்டும். சுவரின் தலையிலே சுற்றிவர ஒரு கொங்கிறீற்றுப் பட்டி ஓட வேண்டும். மண்கல்லுக்கும் அது வேண்டும், செங்கல்லுக்கும் வேண்டும், சீமெந்துக் கல்லுக்கும் வேண்டும். இன்று கட்டப்படும் எத்தனை சீதன வீடுகளிலே அந்தப் பட்டி முழுச் சுற்றும் ஓடுகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வாசலிலே மாபிள் பதிக்கப் பணம் இருக்கிறது!

சுவர் தனியே காற்றைத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை தேடப் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. எமது நாட்டிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் குடிசார் பொறியியற் பேராசிரியை சிந்தா ஜயசிங்க அவர்கள் தம் மாணாக்கரோடு இலங்கை மண்ணை எடுத்தே இதைச் சோதித்து வந்திருக்கிறார். 2007ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை, சீமெந்து கலந்து பலகைகளுக்கிடையே இடித்து எழுப்பிய மண்சுவர் மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவு தாங்கும் என்பது பற்றியது. 2009ஆம் ஆண்டுக் கட்டுரையோ, பக்கத்திலிருந்து தள்ளும்போது இத்தகைய சுவர்கள் வளைந்து முறியாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது பற்றியது. காற்று செய்வது அந்தத் தள்ளுதலைத்தானே? அதே 2009இல் இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனம் அமுக்கிய மண்கல்லுக்கென்றே 1382 என்ற எண்ணிலே ஒரு தரவிதி வெளியிட்டது. ஆகவே மண்கல் என்றதும் 'சட்டம் விடாது, பிரதேச சபை விடாது' என்று சொல்வதற்கு இனி இடமில்லை. நாட்டின் தரவிதிப் புத்தகத்திலே அது ஏறிவிட்டது. வீடு பெண்ணுக்குரியதாக இருக்கும் நாட்டிலே, சுவரை ஆராய்ந்தவரும் ஒரு பெண்ணாக இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆனாலும் எல்லா இடத்துக்கும் இது ஏற்றதென்று நான் சொல்லேன். ஆண்டுதோறும் மார்கழி வெள்ளம் முழங்கால் அளவுக்கு ஏறி நாட்கணக்கில் நிற்கும் பள்ளக் காணியிலே, அத்திவாரமும் அதன்மேல் வெள்ள மட்டம் வரையிலான கட்டும் கருங்கல்லாகவோ கொங்கிறீற்றாகவோதான் இருக்க வேண்டும். மண்கல் அதற்கு மேலேதான். கூரை இறப்பு சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்க வேண்டும். மண் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. திருவனந்தபுரத்திலே வாழ்ந்து 2007இல் காலமான லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பிலே நிறுத்தி, நடுவிலே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கேரளமெங்கும் பரப்பினார். அதே உயரச் சுவருக்கு நாலிலொரு பங்கு கல் மிச்சம்; நடுவிலே காற்று இருப்பதால் வீடும் குளிர்ச்சி. முப்பது தொன் கல் வாங்கும் இடத்திலே ஏறத்தாழ எட்டுத் தொன் மிச்சம் என்றால், அது ஒரு தகப்பனுக்கு எத்தனை மாதச் சம்பளம்!

இப்போது சீமெந்துக் கல்லின் குறைக்கு வருகிறேன். குறை கல்லிலே இல்லை, எங்களிலே இருக்கிறது. விடுமுறையிலே வந்திருந்தபோது ஒரு வீட்டு வேலையிடத்துக்குப் போனேன். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து கல்லை இறக்குகிறார்கள். பத்துக்கு ஒன்று கையிலேயே இரண்டாகிறது. சாய்ந்தமருதைச் சேர்ந்த மூத்த மேசன் ஒருவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். "ஏன் காக்கா, கல் இப்படி உடையுது?" என்றேன். "தம்பி, கல்லுக்குத் தண்ணி குடுக்கல்ல. முந்தாநாள் அச்சில இருந்து எடுத்தத இண்டைக்கு ஏத்தி அனுப்பியிருக்கான். பெத்த புள்ளைக்கிப் பால் குடுக்காம பந்தியில இருத்தின மாதிரி" என்றார். சீமெந்து நீரைக் குடித்தே வலுப்பெறும். அதற்கு நாட்கள் வேண்டும். நாங்கள் ஒரு நூலளவு விரிவுரையிலே கேட்டதை அவர் ஒரே வாக்கியத்திலே சொல்லிவிட்டார். "அப்ப ஏன் இதைக் கட்டுறீங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்காரர் டோகாவில. போனில கேக்கிறது ஒண்டுதான்: சுவர் எவ்வளவு உசந்திருக்கு? உசரத்தத்தானே படம் எடுத்து அனுப்பலாம், உள்ள இருக்கிறத அனுப்பேலாதே" என்றார்.

அவையோரே, கட்டட முகாமைத்துவம் என்று பல்கலைக்கழகத்திலே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். எந்த வேலை எதற்கு முன், எந்தப் பொருள் எந்த நாளில் வர வேண்டும், யார் பார்வையிட வேண்டும் என்பதெல்லாம் அதிலே அடங்கும். அந்தப் பாடத்தின் சாரம் அன்று அந்த மேசனின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது. மண்கல் சீமெந்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் இலவசமாக அன்று. சீமெந்துக்குப் பதிலாகக் கவனத்தைக் கேட்கிறது. மண்ணைச் சோதிக்க வேண்டும். சீமெந்தை உலர்ந்த மண்ணோடு சீராகக் கலக்க வேண்டும். நீர் விட்டபின் அரைமணி நேரத்துக்குள் அமுக்கக்கூடிய அளவை மட்டுமே குழைக்க வேண்டும். நீர் சற்றுக் கூடினால் கல் பிசுபிசுக்கும், குறைந்தால் உதிரும். மூன்று கிழமை தவறாமல் நனைக்க வேண்டும். பின் சில கற்களை எடுத்து இரண்டு நாள் நீரிலே ஊறவைத்துப் பார்க்க வேண்டும். இவற்றிலே ஒன்று தவறினாலும் நூற்றுக்கு 6 பங்கு சீமெந்து போதாது. 12 போட்டாலும் போதாது. வீட்டுக்காரர் டோகாவிலும், ஒப்பந்தக்காரர் வேறு நாலு வேலையிடங்களிலும் இருக்கும் ஊரிலே, மிகவும் அரிதான பொருள் சீமெந்தன்று, நின்று பார்ப்பவனே.

கவனிப்பாரில்லாமல் கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இக்கரை பெரிய அளவிலேயே கண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையிலே இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, எந்த ஊரைச் சொல்ல, எந்த ஊரை விட! அதன்பின் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். 2005 முடிவதற்குள் அந்த விதியைத் தளர்த்தினார்கள். உலகெங்கும் இருந்து உதவி வந்தது. அவசரம் அவசரமாக வீடுகள் எழுந்தன. நல்ல வீடுகளும் எழுந்தன என்பதை நன்றியோடு சொல்வேன். வெடித்த சுவர்களும், தாழ்ந்த காணியிலே வெள்ளத்தில் நிற்கும் வீடுகளும் எழுந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு என்பதிலே பிணக்கு எழுந்து, நீதிமன்றம் வரையில் சென்று, கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து காடு பற்றின. பிணக்கிலே எப்பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. வீடு தேவைப்பட்டவனும் இருந்தான், வீடும் இருந்தது. இரண்டுக்கும் நடுவிலே செய்ய வேண்டிய வேலைதான் முதற்கல் வைக்குமுன் செய்யப்படவில்லை. இந்து, முஸ்லிம் என்று பாராமல் பக்கத்து ஊர்க்காரர்களாக நாம் அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

கடைசியாக ஒரு தடை. எல்லாவற்றிலும் பெரிய தடை. மண்கல் என்ற பெயர். 'கல்வீடு கொடுத்தோம்' என்று சொல்வதிலே ஒரு பெருமை இருக்கிறதே, அது! மாப்பிள்ளை வீட்டார் வந்து, "சுவர் எதனாலே?" என்று கேட்டு, "மண்ணாலே" என்று பதில் வந்தால் கலியாணம் நிற்குமா, நடக்குமா? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், சிரிப்பிலே விடை இருக்கிறது. பெங்களூரிலே வசதி படைத்தவர்களும் விரும்பியே மண்கல்லால் வீடு கட்டி, அழகுக்காகப் பூச்சுப் பூசாமல் விட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னால், "அது பெங்களூர்" என்பீர்கள். ஆகவே எந்தத் தகப்பனையும் முதலிலே தன் குமரின் வீட்டை வைத்துச் சோதித்துப் பார் என்று நான் கேட்க மாட்டேன். அது நியாயமன்று. சோதனைக்கு ஊருக்குப் பொதுவான சுவர் ஒன்று வேண்டும்.

எமது மன்றத்து வாசிகசாலைக்கு வடக்குப் பக்கத்து வேலி விழுந்து ஒரு வருடமாகிறது. அங்கே மதில் கட்டுவதென்று சென்ற பொதுக்கூட்டத்திலே தீர்மானம் நிறைவேறி, பணமில்லாமல் தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது. அந்த மதிலை மண்கல்லால் கட்டலாமென்று நான் பிரேரிக்கிறேன். மண் சலிக்கவும், கலக்கவும், அமுக்கவும் நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். மூன்று கிழமை காலையும் மாலையும் நனைப்பதற்கு முறை வைத்துக்கொள்வோம். சாய்ந்தமருது மேசன் காக்காவிடம் நான் பேசினேன். சனிக்கிழமைகளிலே வந்து மட்டம் பார்த்துத் தருவதாகவும், கூலி வேண்டாம், ஆனால் தான் 'சரியில்லை' என்று சொன்ன கல்லை மறுபேச்சின்றி ஒதுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மதிலாதலால் யாருடைய கலியாணமும் நிற்காது. இரண்டு மாரி அது எப்படி நிற்கிறது என்று பெரியவர்கள் பார்க்கட்டும்; எங்கள் அம்மம்மாவும் வந்து பார்ப்பதாக இருக்கிறார், விழுவதைப் பார்க்கவேனும்.

பேச்சை முடிக்குமுன் மேசைக்குக் கீழிருந்து மூன்றாவது போத்தலை எடுக்கிறேன். நாவிதன்வெளி மண் ஒரு பங்கு, கல்தூளும் எங்கள் வளவுக் கிணற்றடியிலே தோண்டிய மணலுமாக இரண்டு பங்கு. இதோ, உங்கள் முன் குலுக்குகிறேன். மணல் இப்போதே தங்கிவிட்டது. களி தங்க நாளைக் காலையாகும். போத்தல் வாசிகசாலை மேசையிலே இருக்கும். காலையிலே பத்திரிகை பார்க்க வருபவர்கள் ஓர் அடிமட்டத்தை எடுத்துக் களிப்படையை அளந்து, பக்கத்திலுள்ள கொப்பியிலே எழுதிவிடுங்கள். ஒருவர் அளந்ததை மற்றவர் பாராமல் அளக்க வேண்டும்.